சிவாஸ் நாட்குறிப்பு: நீர் பிரியும் மேட்டுநிலமும் செல்ஜூக் கல்வாயில்களும்

திங்கள், சிவாஸ் நகரம்

துருக்கியின் மாகாணங்களில் பரப்பளவில் கொன்யாவுக்கு அடுத்தபடியாக இருப்பது சிவாஸ். ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் இங்கே பெய்யும் மழையும் உருகும் பனியும் இரண்டு வெவ்வேறு கடல்களைத் தேடிப் போகின்றன. வடக்கே கெல்கிட் ஆறும் நடுவே கிஸிலிர்மாக் ஆறும் தத்தம் வழியில் கருங்கடலுக்குச் செல்ல, தெற்கிலும் தென்கிழக்கிலும் உள்ள கூருன், கங்கால், திவ்ரிகி பகுதிகளின் ஓடைகள் யூப்ரடீஸில் கலந்து, சிரியாவையும் இராக்கையும் கடந்து பாரசீக வளைகுடாவை அடைகின்றன. நீர் இப்படிப் பிரிந்து செல்லும் மேட்டுநிலத்தில்தான் பழைய வணிகச் சாலைகள் வந்து கூடின. ஈரானிலிருந்து எர்சுரும் வழியாக வந்த சாலையும், கருங்கடல் துறைமுகங்களிலிருந்து மலையேறி வந்த சாலையும், சிரியாவிலிருந்து மலாத்யா வழியாக வந்த சாலையும் சந்தித்த இடம் சிவாஸ். அதனால் இங்குள்ள கட்டடங்களை நிலத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்.

அங்காராவிலிருந்து வரும் அதிவேக ரயில் மூன்று மணி நேரத்துக்குள் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. 2023 ஏப்ரலில் இந்தப் பாதை திறக்கப்படும் வரை பழைய ரயிலில் ஏறத்தாழ 12 மணி நேரம் ஆயிற்று என்பதை நினைத்தால், நடுத் துருக்கியின் இந்த ஊர் வெளியாட்களின் பயணத் திட்டங்களில் ஏன் இடம்பெறாமல் இருந்தது என்பது புரியும். நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,285 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதக் கடைசியிலும் மாலை மயங்கியதும் கம்பளிச் சட்டை தேவைப்பட்டது.

மதியம் காங்கிரஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். 1892-இல் பள்ளிக்கூடமாகக் கட்டப்பட்ட இந்தக் கட்டடத்தில்தான் 1919 செப்டம்பர் 4 முதல் 11 வரை சிவாஸ் மாநாடு நடந்தது. முதல் உலகப் போரில் தோற்ற உஸ்மானியப் பேரரசை வென்ற நாடுகள் பங்கிட்டுக்கொள்ள முனைந்த நேரத்தில், பின்னாளில் அதாதுர்க் என்று அழைக்கப்பட்ட முஸ்தஃபா கெமாலும் பல பகுதிகளிலிருந்து வந்த பிரதிநிதிகளும் இங்கே கூடி, ஆங்காங்கே தனித்தனியாக இயங்கிய எதிர்ப்புக் குழுக்களை ஒரே அமைப்பாக இணைத்தனர். அந்நிய நாடொன்றின் பாதுகாப்பை ஏற்கலாமா என்ற விவாதமும் இங்கேதான் காரசாரமாக நடந்தது. மாநாட்டுக் கூடத்தில் பள்ளிக்கூட மேசைகளே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒரு குடியரசுக்கு அடித்தளமிட்ட கூட்டத்துக்கு அந்த எளிமை பொருத்தமாகவே இருந்தது. மாநாடு முடிந்த பின்னும் அந்த ஆண்டு டிசம்பர் வரை இயக்கத்தின் தலைமையிடம் சிவாஸாகவே இருந்தது.

அருங்காட்சியகம் சொல்லாத வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. ரோமானியர் காலத்தில் செபாஸ்தியா என்று வழங்கிய இந்நகரம் ஆர்மீனியர்களின் பெரிய மையங்களுள் ஒன்றாக இருந்தது. வெனிஸ் நகருக்கு அருகே ஒரு தீவில் இன்றும் இயங்கிவரும் ஆர்மீனியத் துறவற மடத்தை நிறுவிய மிகித்தார் 1676-இல் இங்கே பிறந்தவர். 1915-இல் அந்த மக்கள் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு அழிக்கப்பட்டனர். நகரின் நடுப்பகுதியில் அவர்களுடைய சுவடுகளைத் தேடினால் மிகச் சிலவே கிடைக்கின்றன. அருகிலேயே மற்றொரு துயரத்தின் இடமும் இருக்கிறது. 1993 ஜூலை 2 அன்று, அலெவி என்னும் இஸ்லாமியச் சிறுபான்மைப் பிரிவினரின் பண்பாட்டு விழா ஒன்றுக்காக எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கியிருந்த மதிமாக் ஹோட்டலை ஒரு கும்பல் சூழ்ந்து தீவைத்ததில், விழாவுக்கு வந்திருந்த 33 பேரும் ஹோட்டல் ஊழியர் இருவரும் உயிரிழந்தனர். அந்தக் கட்டடம் இப்போது அறிவியல், பண்பாட்டு மையமாக மாற்றப்பட்டுள்ளது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் அதை நினைவு அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய், சிவாஸ் நகரம்

இன்று முழுவதும் நகரத்தைவிட்டு எங்கும் செல்லவில்லை. செல்லவும் தேவை இல்லை. நகரின் நடுவிலுள்ள சதுக்கத்தைச் சுற்றிச் சில நிமிட நடையிலேயே 13-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கட்டடங்கள் நிற்கின்றன.

முதலில் ஷிஃபாயியெ. அன்று இப்பகுதியை ஆண்ட துருக்கிய அரச மரபான செல்ஜூக்குகளின் சுல்தான் முதலாம் இஸ்ஸெத்தின் கெய்காவுஸ் 1217-இல் கட்டிய மருத்துவமனை இது. அனத்தோலியாவில், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியில், செல்ஜூக்குகள் எழுப்பிய மருத்துவமனைகளில் இதுவே மிகப் பெரியது. நடுவில் திறந்த முற்றமும், அதைச் சுற்றி வளைவுகளும் அறைகளுமாக அமைந்த இந்தக் கட்டடத்தைக் கட்டிய சுல்தான் காசநோயால் மாண்டு, தாம் கட்டிய மருத்துவமனைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறையின் முகப்பு நீலப் பச்சை ஓடுகளால் மூடப்பட்டிருக்கிறது. அகன்ற மாளிகைகளை விட்டு ஒடுங்கிய கல்லறைக்கு வந்துவிட்டோம் என்று புலம்பும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஓடுகளில் சில உதிர்ந்துபோன இடங்களில் அடியிலுள்ள செங்கல் தெரிகிறது. அருகே போய்ப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வெட்டிய ஓட்டுத் துண்டுகளால் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இதற்கு நேர் எதிரே, இடையில் ஒரு குறுகிய பாதை மட்டுமே விட்டு, இரட்டை மினாரா மதரஸா நிற்கிறது. முகப்பும் அதன்மேல் உயர்ந்த இரு செங்கல் மினாராக்களும்தான் மிஞ்சியுள்ளன. பின்னால் இருந்த கட்டடம் மறைந்து, அடித்தளம் மட்டும் தெரிகிறது. சற்றுத் தள்ளிப் புருஜியெ மதரஸாவும், தெற்கே கோக் மதரஸாவும் இருக்கின்றன. இந்த மூன்று மதரஸாக்களும் 1271 என்ற ஒரே ஆண்டைச் சேர்ந்தவை.

அந்த ஆண்டு என்னை மீண்டும் மீண்டும் யோசிக்க வைத்தது. 1243-இல் மங்கோலியரிடம் தோற்ற பிறகு செல்ஜூக் அரசு அவர்களுக்குத் திறை கட்டும் அரசாகச் சுருங்கிவிட்டிருந்தது. சுல்தான் பெயரளவுக்கு இருந்தார். உண்மையான அதிகாரம் அமைச்சர்களிடமும் மங்கோலிய ஆளுநர்களிடமும் இருந்தது. இரட்டை மினாரா மதரஸாவைக் கட்டுவித்த ஷம்சுத்தீன் ஜுவைனி, ஈரானை ஆண்ட இல்கானிய மங்கோலியரின் தலைமை அமைச்சர். கோக் மதரஸாவைக் கட்டுவித்த ஸாஹிப் அத்தா ஃபக்ருத்தீன் அலி, செல்ஜூக் அரசின் அமைச்சர். புருஜியெ மதரஸாவைக் கட்டுவித்த முஸஃப்பர் புருஜெர்தியின் பெயரே அவர் மேற்கு ஈரானின் புருஜெர்து நகரத்தைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது. ஆளுபவரின் அமைச்சரும் ஆளப்படுபவரின் அமைச்சரும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே வகைக் கட்டடத்தை எழுப்பியதை வெறும் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. செல்ஜூக் சுல்தானின் மருத்துவமனைக்கு நேர் எதிரில் அதைவிட உயரமான முகப்பை நிறுத்திய ஜுவைனியின் செயலில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஸாஹிப் அத்தாவின் மதரஸா அதற்கான பதில் என்றே நான் வாசிக்கிறேன்.

பதில் என்று கொண்டால், அது மேலான பதிலும்கூட. கோக் மதரஸாவின் வாயில் முழுவதும் பளிங்கு. கொன்யாவைச் சேர்ந்த கலோயான் என்ற கட்டடக் கலைஞரின் பெயர் அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. வாயிலின் இருபக்கத் தூண்களிலும் எண்முனை நட்சத்திரங்களும் இலைக்கொத்துகளும் மிக ஆழமாகக் குடையப்பட்டிருக்கின்றன. கீழ்ப்பகுதியில், இலைகளுக்கு நடுவே விலங்குகளின் சிறு தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. நின்று நிதானமாகத் தேடினால் ஒழிய அவை கண்ணில் படுவதில்லை. முகப்பின் இடப்புறத்தில் ஒரு நீரூற்று மாடமும் உண்டு. மேலே மினாராக்களின் செங்கற்களுக்கு இடையே பதித்த நீல ஓடுகள் பிற்பகல் வெயிலில் தனியாக ஒளிர்ந்தன.

அருகிலுள்ள பெரிய பள்ளிவாசல் 1197-ஐ ஒட்டிய காலத்தது. 50 தடித்த தூண்கள் தாங்கும் தாழ்ந்த கூரை கொண்டது. வெளியிலுள்ள அதன் செங்கல் மினாரா ஒரு மீட்டருக்கும் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. 1400-இல் தைமூரின் படை முற்றுகையிட்டு நகரைப் பிடித்தபோது, சரணடைந்த காவற்படையினரை உயிரோடு புதைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அந்த அழிவுக்குப் பின் இந்த ஊர் பழைய செல்வாக்கை மீண்டும் அடையவே இல்லை. இத்தனை கட்டடங்கள் தப்பியிருப்பதுதான் வியப்பு.

இரவு உணவுக்குச் சிவாஸ் கொஃப்தே. அரைத்த இறைச்சியோடு உப்பைத் தவிர எதையும் சேர்க்காமல் கரி நெருப்பில் சுட்டு, வாட்டிய தக்காளியோடும் பச்சை மிளகாயோடும் தருகிறார்கள். மேய்ச்சல் நிலத்தின் இறைச்சியில் நம்பிக்கை உள்ள ஊரால்தான் மசாலாவை இப்படி முற்றிலும் ஒதுக்க முடியும்.

புதன், ஹாஃபிக், ஸாரா, இம்ரான்லி

வாடகைக் காரில் கிழக்கே, கிஸிலிர்மாக் ஆற்றை அதன் பிறப்பிடத்தை நோக்கிப் பின்தொடர்ந்தோம். புறப்படுவதற்கு முன் நகருக்கு வெளியே வளைந்த பாலத்தைப் பார்த்தோம். 18 கண்களைக் கொண்ட இந்தப் பழைய கற்பாலம் நேராகச் செல்லாமல் ஆற்றின் நடுவில் ஒரு கோணத்தில் திரும்பிப் போகிறது. வெள்ளத்தின் வேகத்தைத் தாங்குவதற்காக இப்படிக் கட்டினார்கள் என்று ஓட்டுநர் விளக்கினார். மே மாதத்தில் பனி உருகிப் பெருகி வரும் ஆற்றைப் பார்க்கையில் அந்த விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருந்தது.

ஆற்று நீர் செங்காவி நிறத்தில் ஓடுகிறது. இம்மாகாணத்தின் நடுப்பகுதி முழுவதும் சிவந்த களிமண்ணும் ஜிப்சமும் உப்பும் அடுக்கடுக்காகப் படிந்த நிலம். மழை அந்த மண்ணைக் கரைத்து ஆற்றில் சேர்க்கிறது. ஜிப்சம் நீரில் எளிதாகக் கரையக்கூடியது என்பதால் ஹாஃபிக்குக்கும் ஸாராவுக்கும் இடையே தரை ஆங்காங்கே உள்வாங்கிக் குழிகளாகவும் ஏரிகளாகவும் மாறியிருக்கிறது. தோதுர்கே ஏரி அவ்வாறு உருவானதுதான். கரையில் நாணல் அடர்ந்திருக்க, சுற்றிலும் மரமே இல்லாத வெளிறிய குன்றுகள் நிற்கின்றன. ஜிப்சம் குன்றுகளின் உச்சியில் வெயில் படும்போது படிகத் துணுக்குகள் மினுக்குகின்றன. வழியெங்கும் பெண்கள் குனிந்து மதிமாக் என்ற காட்டுக்கீரையைப் பறித்துக்கொண்டிருந்தனர். வசந்த காலத்தில் தானாக முளைக்கும் இதைப் புல்கூர் கோதுமையோடு சேர்த்துச் சமைப்பது இந்த ஊர் வழக்கம்.

ஸாராவுக்கு வடக்கே தொலைவில் பனி படிந்த கோஸெ மலை தெரிந்தது. 1243 ஜூன் 26 அன்று பைஜு தலைமையிலான மங்கோலியப் படை, சுல்தான் இரண்டாம் கெய்குஸ்ரெவின் பெரும்படையை இந்த மலைப்பகுதியில்தான் சிதறடித்தது. படை ஓடிய பிறகு சிவாஸ் எதிர்ப்பின்றிச் சரணடைந்ததால் கொள்ளையோடு பிழைத்துக்கொண்டது. எதிர்த்து நின்ற கைசேரி பேரழிவைச் சந்தித்தது. நேற்று பார்த்த மதரஸாக்களின் கதை தொடங்குவது இந்த மலைச்சரிவில்தான்.

இம்ரான்லியைத் தாண்டிக் கிஸில் மலையின் சரிவுகளில் கிஸிலிர்மாக் பிறக்கிறது. முழுக்க முழுக்கத் துருக்கிக்குள்ளேயே ஓடும் ஆறுகளில் இதுவே மிக நீளமானது. ஏறத்தாழ 1,355 கிலோமீட்டர். கருங்கடல் இங்கிருந்து வடக்கே அதிகத் தொலைவில் இல்லை. ஆனால் நடுவே மலைத்தொடர்கள் குறுக்கிடுவதால், ஆறு தென்மேற்கே இறங்கி, கைசேரி, நெவ்ஷெஹிர், கிர்ஷெஹிர் வழியாகப் பெரிய வில்லாக வளைந்து, பிறகு வடக்கே திரும்பி, பாஃப்ராவுக்கு அருகே கடலில் கலக்கிறது. ஹித்தைத்துப் பேரரசின் தலைநகரம் அந்த வளைவுக்குள் இருந்தது. பண்டைய அரசுகளான லிடியாவுக்கும் மீதியாவுக்கும் எல்லையாக இருந்த ஹாலிஸ் ஆறும் இதுவே. இம்ரான்லிக்கு மேலே, களிமண் நிலத்தை இன்னும் தொடாத இடத்தில், நீர் தெளிவாகவே இருக்கிறது.

வியாழன், கங்கால் வழியாகத் திவ்ரிகி

இன்று பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்தது. தெற்கே உலாஷ் ஊரைக் கடந்து டெஜெர் மலைத்தொடரைத் தாண்டியதும் நீர்ப்பிரிமேடு வந்துவிடுகிறது. சாலையில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பரந்த புல்வெளியும் ஆட்டு மந்தைகளும்தான் தெரிந்தன. மந்தைகளோடு கங்கால் நாய்கள் நடந்துவந்தன. கருத்த முகமும் வெளிர்மஞ்சள் உடலும் கொண்ட இந்தக் காவல் நாய்களின் கழுத்தில், ஓநாய் கடிக்க முடியாதபடி நீண்ட இரும்பு முட்கள் பொருத்திய பட்டை மாட்டியிருந்தார்கள். காரை நிறுத்தி இறங்க வேண்டாம் என்று ஓட்டுநர் எச்சரித்தார்.

கங்காலுக்கு அருகிலுள்ள மீன் வெந்நீர் ஊற்று புகழ்பெற்றது. ஏறத்தாழ 35 பாகை வெப்பமுள்ள நீரில் சிறு மீன்கள் வாழ்கின்றன. இந்த வெப்பத்தில் அவற்றுக்கான இயற்கை உணவு குறைவு என்பதால், குளிப்பவர்களின் தோலிலிருந்து உதிரும் செதில்களைக் கொறிக்கின்றன. சொரியாசிஸ் நோயாளிகள் பல நாடுகளிலிருந்தும் இதற்காக வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். உலகெங்கும் கடைவீதிகளில் தொட்டிகளில் விடப்படும் ‘டாக்டர் மீன்’ இந்த இனம்தான். இது டைக்ரிஸ், யூப்ரடீஸ் படுகைகளில் வாழும் மீன். காலையில் கருங்கடலின் நீரிலிருந்து புறப்பட்ட நான் யூப்ரடீஸின் நீருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்பதற்கு இந்த மீனே சான்று.

வெள்ளி, திவ்ரிகி

சால்ட்டி ஓடையின் பள்ளத்தாக்கில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் திவ்ரிகி. இரும்புச் சுரங்கமும் ரயில் நிலையமும் சில பழைய மர மாளிகைகளும் கொண்ட இந்த ஊரில், உலகக் கட்டடக் கலையின் ஈடிணையற்ற படைப்புகளுள் ஒன்று இருக்கிறது. 1985-இல் துருக்கியிலிருந்து முதன்முதலாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டவை இஸ்தான்புல், கப்படோக்கியாவின் கோரெமெ, திவ்ரிகிப் பெரிய பள்ளிவாசலும் மருத்துவமனையும் ஆகிய மூன்றே. முதல் இரண்டை உலகமே அறியும்.

1071-இல் மன்ஸிகெர்ட் போரில் கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியம் செல்ஜூக்குகளிடம் தோற்ற பிறகு இப்பகுதியில் முளைத்த சிற்றரசுகளில் மெங்குஜெக்குகளுடையதும் ஒன்று. அதன் ஒரு கிளை எர்சின்ஜானையும் மற்றொரு கிளை திவ்ரிகியையும் ஆண்டது. 1228-இல் திவ்ரிகி அரசர் அஹ்மத் ஷா பள்ளிவாசலையும், எர்சின்ஜான் அரசர் பஹ்ராம் ஷாவின் மகள் துரான் மெலெக் அதனுடன் ஒட்டிய மருத்துவமனையையும் கட்டுவித்தனர். அதே காலத்தில்தான் எர்சின்ஜான் கிளையின் நாட்டைச் செல்ஜூக் சுல்தான் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டார். தந்தையின் நாடு பறிபோன வேளையில் ஓர் அரசகுமாரி நோயாளிகளுக்காக இப்படி ஒரு வீட்டை எழுப்பியிருக்கிறார் என்ற எண்ணம் அந்த வாயிலுக்குள் நுழையும்போது மனத்தைவிட்டு அகலவில்லை. கட்டடக் கலைஞர், வான் ஏரிக்கரையிலுள்ள அஹ்லாத்தைச் சேர்ந்த ஹுர்ரெம்ஷா. பல ஆண்டுகள் நீடித்த புனரமைப்புக்குப் பிறகு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டதால், சாரங்கள் எதுவும் மறைக்காமல் முழுக் கட்டடத்தையும் பார்க்க முடிந்தது.

வெளிச்சுவர்கள் வெறுமையானவை. அலங்காரம் முழுவதும் வாயில்களில் மட்டும் பொங்கி வழிகிறது. வடக்கு வாயிலில் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட இலைகளும் தாமரை போன்ற வட்டுகளும் சுவரைவிட்டுப் பிதுங்கி வெளியே நிற்கின்றன. இலையின் பின்புறத்தையும் குடைந்திருப்பதால் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருட்டு தங்குகிறது. இடப்பக்கத்தில் உள்ள வடிவமும் வலப்பக்கத்தில் உள்ள வடிவமும் ஒன்றுபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் தண்டு திரும்பும் திசையோ இதழ்களின் அடுக்கோ மாறியிருக்கும். ஒரு பெரிய வட்டின் அருகே வெகுநேரம் நின்றேன். அதன் மேல் பரப்பில் நரம்புகளோடு கூடிய இலைகள். அவற்றுக்குள் விரல் நுனியளவே உள்ள கொடிப்பின்னல். அந்தப் பின்னலின் இடைவெளியிலும் உளி புகுந்து வேலை செய்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் ஒரே கல்லில்.

மேற்கு வாயில் அப்படியே மாறுபட்டது. அது கம்பளம் விரித்ததுபோல் தட்டையான, நுட்பமான பின்னல் வேலை. அதன் பக்கவாட்டில் இரட்டைத் தலைக் கழுகு செதுக்கப்பட்டுள்ளது. கோடைகாலத்தில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குச் சற்று முன்பு, தொழுதுகொண்டிருக்கும் மனிதனின் உருவம் இந்த வாயிலில் நிழலாக விழும் என்பதைப் பார்க்க மாலையில் ஒரு கூட்டமே காத்திருந்தது. நிழல் வந்தது; குனிந்த தலையும் கட்டிய கைகளும் தெளிவாகவே தெரிந்தன. கலைஞர் திட்டமிட்டே இதைச் செய்தாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கோ அந்த நிழலைவிட, அதைத் தாங்கிய கல்லின் வேலைப்பாடே பெரிதாகப்பட்டது.

பள்ளிவாசலின் உள்ளே 16 தூண்கள் கூரையை 25 கட்டங்களாகப் பிரிக்கின்றன. கட்டத்துக்குக் கட்டம் வளைவின் அமைப்பு மாறிக்கொண்டே போகிறது. 1241-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட கருங்காலி மரப் பிரசங்க மேடை, திஃப்லிஸைச் சேர்ந்த அஹ்மத் என்ற தச்சரின் கைவேலை. மருத்துவமனையின் நடுக்கூடத்தில் ஒரு எண்கோணக் குளம் இருக்கிறது. அதிலிருந்து வழியும் நீர் சுருள் வடிவக் கால்வாயில் சுற்றிச் சுற்றி ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். நீரின் ஒலி நோயாளிகளை அமைதிப்படுத்தப் பயன்பட்டது என்று காவலர் விளக்கினார். கூடத்தின் வளைவுகளுக்குக் கீழே மெல்லப் பேசினாலும் குரல் எதிரொலித்துத் திரும்புவதைக் கேட்டபோது, அது உண்மையாக இருக்கக்கூடும் என்று நம்பினேன்.

சனி, திவ்ரிகிக் கோட்டையிலிருந்து கூருன்

காலையில் கோட்டைக்கு ஏறினேன். 9-ஆம் நூற்றாண்டில் இது தெஃப்ரிகே என்ற பெயரில் பவுலிக்கியர்களின் தலைநகராக இருந்தது. திருச்சபையின் அதிகாரத்தையும் படங்களை வணங்குவதையும் மறுத்த இந்தக் கிறித்தவப் பிரிவினர், பைசாந்தியத்தின் துன்புறுத்தலிலிருந்து தப்பி இந்த மலையில் தங்கள் அரசை அமைத்துக்கொண்டு, பேரரசை எதிர்த்துப் படையெடுக்கவும் செய்தனர். மேலே நின்று பார்த்தால் அவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். மூன்று பக்கமும் பாறைச் சரிவு, கீழே ஓடையின் இடுக்கு. உச்சிக்கு அருகே மெங்குஜெக்குகள் 1181-ஐ ஒட்டிக் கட்டிய சிறு பள்ளிவாசல் நிற்கிறது. இங்கிருந்து கீழே தெரியும் பெரிய பள்ளிவாசலின் கூம்புக் கூரையோடு ஒப்பிட்டால், அரை நூற்றாண்டுக்குள் இவர்கள் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது தெரியும்.

மதியத்துக்கு மேல் கங்கால் வழியாகத் திரும்பித் தெற்கே கூருன் வந்தோம். ஊருக்கு வெளியே கோக்பினார் என்ற ஏரி, மரமற்ற வறண்ட மலைகளுக்கு நடுவே, அடி தெரியும் அளவுக்குத் தெளிந்த நீலநீரோடு இருக்கிறது. முழுவதும் நிலத்தடி ஊற்றுகளால் நிறைவது. புதன்கிழமை பார்த்த ஏரிகளைச் சுற்றி எளிதில் கரையும் ஜிப்சம் நிலம். இங்கே ஊற்று கிளம்புவது சுண்ணாம்புப் பாறையிலிருந்து. நீரின் நிறம் இவ்வளவு மாறுவதற்கு அதுவே காரணம். வழிந்தோடும் நீர் தொஹ்மா ஆற்றில் சேர்ந்து, மலாத்யா பக்கம் யூப்ரடீஸில் கலக்கிறது. கரையிலுள்ள உணவகங்களில் மீன் பொரித்துத் தருகிறார்கள்; விடுமுறை நாள் என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம்.

சிவாஸுக்கு வர நினைப்பவர்கள் நகரத்தோடு நின்றுவிட வேண்டாம். திவ்ரிகிக்கு ஓர் இரவாவது ஒதுக்க வேண்டும். வடக்கு வாயிலையும் மேற்கு வாயிலையும் காலையிலும் மாலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அங்காராவிலிருந்து கிழக்கே செல்லும் வழக்கமான ரயிலும் அங்கே நிற்கிறது. நாளை காலை கூருனிலிருந்து கைசேரிக்குப் பேருந்து.